தாசனும் அடியனும்: நாஞ்சில் நாட்டில் சாமி பெயர் யாருடையது?

நம் வாசிப்பு வட்டங்களில் ஆண்டுக்கு ஒருமுறையாவது இந்த விவாதம் வந்துவிடுகிறது. குலதெய்வத்தின் பெயருக்கு முன்னால் 'ஸ்ரீ' போடலாமா, கூடாதா? பிள்ளைக்கு 'ஷ்' வருகிற பெயர் வைத்தால் அது அடிமைப் புத்தியா? சமஸ்கிருத மந்திரத்தை நிறுத்திவிட்டுத் தமிழில் அர்ச்சனை செய்தால் கோயிலுக்குள் சாதி போய்விடுமா? ஒரு தோழர் எல்லாப் பழியையும் சமஸ்கிருதத்தின் மேல் போடுவார். இன்னொருவர், 'தலித்' என்ற சொல்லே சமஸ்கிருதத்திலிருந்து வந்ததுதானே என்று மடக்குவார். அத்தோடு பேச்சு நின்றுவிடும்.

நின்ற இடத்திலிருந்து அந்தப் பேச்சை நம் மாவட்டத்தின் வரலாற்றைக் கொண்டு கொஞ்சம் மேலே நகர்த்திப் பார்க்கிறோம். 1956 நவம்பர் 1இல் தமிழ்நாட்டோடு சேரும்வரை கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர் மண். சாமியின் பெயரால் ஆளப்பட்ட நாடு அது. அதனால் இங்கே சாமி பெயர், ஊர்ப் பெயர், ஆள் பெயர், பாட்டு எல்லாமே ஆட்சியோடு பின்னிக்கிடந்தன. ஒரு சொல் எந்த மொழிச் சொல் என்று கேட்பது தேவைதான். அதோடு இன்னும் மூன்று கேள்விகளையும் கேட்கப் பழகினால்தான் நம் வரலாறு நமக்குப் பிடிபடும்: அந்தச் சொல்லை யார் வைத்தார்கள்? யார் அதைச் சொல்லலாம்? யார் அதைச் சொல்லியே தீர வேண்டும்?

கல்குளம் பத்மநாபபுரமான கதை

தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனையைப் பள்ளிச் சுற்றுலாவில் பார்க்காத பிள்ளைகள் நம் மாவட்டத்தில் குறைவு. அந்த ஊரின் பழைய பெயர் கல்குளம். 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்ட வர்மா 1744 வாக்கில் அதைப் பத்மநாபபுரம் ஆக்கினார். பழைய பெயர் முழுக்க அழிந்துவிடவில்லை. வருவாய்த் துறைக் காகிதத்தில் இன்றும் அது கல்குளம் தாலுகாதான்.

ஊர்ப் பெயர் மாறியது ஒரு தொடக்கம். 1750இல் அதே மன்னர் தன் வாளைத் திருவனந்தபுரம் பத்மநாபசாமி கோயிலில் வைத்து, நாட்டையே சாமிக்கு எழுதிக் கொடுத்தார். இதைத் 'திருப்படித்தானம்' என்கிறார்கள். அன்று முதல் திருவிதாங்கூர் மன்னர்களின் பட்டம் 'ஸ்ரீ பத்மநாபதாசன்'. தாசன் என்ற சமஸ்கிருதச் சொல்லுக்கு அடிமை என்று பொருள். நாட்டுக்குச் சொந்தக்காரர் சாமி, மன்னர் அவருடைய அடிமை, அவருக்காக ஆட்சியைப் பார்த்துக்கொள்பவர். ஏற்பாடு இதுதான்.

பார்க்கப் பணிவாகத் தெரியும். அதன் வேலை வேறு. மார்த்தாண்ட வர்மா படை கொண்டு பல சிற்றரசுகளைப் பிடித்திருந்தார். நாயர் பிரபுக்களின் குடும்பங்களை ஒடுக்கியிருந்தார். பிடித்த நிலம் எல்லாம் சாமி சொத்து என்று ஆன பிறகு அதைத் திருப்பிக் கேட்க யாருக்கு வாய் வரும்? மன்னரை எதிர்த்தால் அது சாமித் துரோகம். வரி கொடுப்பதும் கூலியில்லாமல் ஊழியம் செய்வதும் சாமிக்குச் செய்யும் கடமை. அந்த வரியிலும் ஊழியத்திலும்தான் பிராமணருக்கு இலவசமாகச் சோறு போடும் ஊட்டுப்புரைகள் நாடெங்கும் நடந்தன. ஒரு பக்திச் சொல் ஒரு அரசாங்கத்தையே தூக்கி நிறுத்தியது.

சொல்லியே தீர வேண்டிய சொல்

அதே நாட்டில் இன்னொரு வகை அடிமைகளும் இருந்தார்கள். அவர்கள் பட்டம் சூட்டிக்கொண்ட அடிமைகள் அல்லர். விலைக்கு விற்கப்பட்டவர்கள், ஒத்திக்கு வைக்கப்பட்டவர்கள். 1836இல் திருவிதாங்கூரில் எடுத்த கணக்கில் மொத்த மக்கள் 12,80,668 பேர். அதில் அடிமைகள் 1,64,864 பேர். ஏறத்தாழ எட்டுப் பேருக்கு ஒருவர். பெரும்பாலும் புலையர், பறையர், குறவர். நாஞ்சில் நாட்டை நெற்களஞ்சியம் என்று பெருமையாகச் சொல்கிறோமே, அந்த நெல்லை விளைவித்த கைகள் இவர்களுடையவை.

லண்டன் மிஷனைச் சேர்ந்த சாமுவேல் மேட்டீர் 1871இல் திருவிதாங்கூரைப் பற்றி எழுதிய நூலில் இந்த மக்கள் எப்படிப் பேச வேண்டியிருந்தது என்று பதிவு செய்திருக்கிறார். 'நான்' என்று சொல்லக் கூடாது. 'அடியன்' என்றே சொல்ல வேண்டும். தன் சோற்றைச் சோறு என்று சொல்லக் கூடாது. 'கரிக்காடி' என்று சொல்ல வேண்டும், அதாவது அழுக்குக் கஞ்சி. சாப்பிடப் போகிறேன் என்று கேட்கக் கூடாது. தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று உத்தரவு கேட்க வேண்டும். தன் பிள்ளைகளைக் குரங்கு என்றோ கன்று என்றோ குறிப்பிட வேண்டும். பேசும்போது மூச்சுக் காற்று எதிரில் நிற்பவர் மேல் பட்டுவிடாமல் வாயைக் கையால் பொத்திக்கொள்ள வேண்டும்.

இங்கே கொஞ்சம் நிற்போம். மேலே உள்ள பட்டியலில் சமஸ்கிருதம் எங்கே இருக்கிறது? அடியன், கரிக்காடி எல்லாம் இந்த மண்ணின் சொற்கள். தமிழும் மலையாளமும் பேசிய வாய்கள் தமிழும் மலையாளமும் பேசிய வாய்கள் மேல் சுமத்திய சொற்கள். சைவத்திலும் வைணவத்திலும் 'அடியார்' என்பது உயர்ந்த சொல். அடியாருக்கும் அடியார் என்று சொல்லிக்கொள்வதைப் பெருமையாகக் கருதிய மரபு அது. அதே சொல் வயலில் நின்றவன் வாயில் விலங்காக மாட்டப்பட்டது.

மன்னர் தாசன்; புலையர் அடியன். இரண்டுக்கும் அகராதியில் ஒரே பொருள். ஒருவருக்கு அது விருப்பப்பட்டுச் சூட்டிக்கொண்ட பட்டம். மற்றவருக்கு அது தவறினால் அடி விழும் கட்டளை. 1855 ஜூன் 24 அறிவிப்பால் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. அதற்குப் பிறகு 16 ஆண்டுகள் கழித்து மேட்டீர் அந்த நூலை வெளியிட்டார் என்பதையும் கவனியுங்கள். சட்டம் போன பிறகும் சொல் தங்கியது.

முடிசூடும் பெருமாள்

பொன்னு மாடன், வெயிலாள் தம்பதிக்கு 1809இல், இன்று சாமித்தோப்பு என்று நாம் அழைக்கும் ஊரில் ஒரு ஆண் குழந்தை பிறந்தது. அப்பன் பெயரில் மாடன் இருக்கிறார். பிள்ளைக்கு 'முடிசூடும் பெருமாள்' என்று பெயர் வைத்தார்கள். அன்று சாணார் என்று இழித்துக் கூறப்பட்ட நாடார் சாதிக் குடும்பம். அந்தப் பெயரை ஆதிக்கச் சாதியினர் எதிர்த்தார்கள், அதனால் பெயரை 'முத்துக்குட்டி' என்று மாற்ற வேண்டியதாயிற்று என்று அய்யாவழி மரபு சொல்கிறது. அந்தப் பிள்ளைதான் பிற்காலத்தில் அய்யா வைகுண்டர்.

'முடிசூடும் பெருமாள்' நல்ல தமிழ்ப் பெயர். அதில் ஒரு வடமொழி எழுத்துக்கூட இல்லை. பிறகு ஏன் உறுத்தியது? பெருமாள் என்பது சாமியின் பெயர். திருவிதாங்கூர் மன்னர்களின் பட்டத்திலும் 'குலசேகரப் பெருமாள்' இருந்தது. போதாததற்கு முடி வேறு. தலைப்பாகை கட்டக்கூட உரிமை இல்லாத சாதியில் பிறந்த குழந்தை முடி சூடுவதா? மொழி அங்கே பிரச்சினையே இல்லை. அந்தப் பெயரை வைக்கத் துணிந்த வீடு எது என்பதே பிரச்சினை.

பின்னாளில் வைகுண்டர் தன் மக்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வழிபட வரச் சொன்னதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். பெயரில் பறிக்கப்பட்ட முடி தலையில் திரும்ப வந்தது. சாமித்தோப்பில் பல சாதியினரும் ஒரே கிணற்றுத் தண்ணீரில் குளித்து ஒன்றாகச் சமைத்துச் சாப்பிட்டதை அந்த மரபு இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. நாடார்களின் ஒடுக்குமுறையும் புலையர், பறையர் மீதான அடிமைத்தனமும் ஒரே அளவானவை அல்ல. இன்று அந்த இடைவெளி இன்னும் அகன்றிருக்கிறது. அதை மறைக்க வேண்டிய அவசியம் நமக்கில்லை. ஆனால் 'பெயர் வைக்கும் உரிமை' என்று ஒன்று உண்டு, அதற்காக இந்த மண்ணில் சண்டை நடந்தது என்பதற்கு வைகுண்டரின் வாழ்க்கைதான் நமக்குக் கிடைக்கும் தெளிவான சாட்சி.

ஒரே காலம், இரண்டு பாட்டு

வைகுண்டர் 1809இல் பிறந்தார். சுவாதித் திருநாள் 1813இல் பிறந்தார், 1829 முதல் 1846இல் இறக்கும்வரை ஆண்டார். கர்நாடக இசை படிக்கிற எவருக்கும் சுவாதித் திருநாளைத் தெரியும். முந்நூறுக்கும் மேற்பட்ட உருப்படிகள், பெரும்பாலும் சமஸ்கிருதத்தில். பாட்டின் முத்திரையாகப் பத்மநாபன் என்ற பெயரும் அதே பொருள் தரும் பங்கஜநாபன், சரசிஜநாபன் போன்ற பெயர்களும் வரும். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு அவருடைய அவையில் இருந்தார். இசை அறிவில் அவர் பெரியவர் என்பதை மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் மேலே சொன்ன 1,64,864 என்ற எண் அவர் ஆட்சிக் காலத்துக் கணக்கு. வைகுண்டரைப் பிடித்துத் திருவனந்தபுரத்தில் சிறை வைத்ததும் அவருடைய அரசுதான். 110 நாள் என்று அய்யாவழி மரபு சொல்கிறது. சாமியின் ஒரு பெயருக்கு நூறு மாற்றுப் பெயர் கண்டுபிடித்துப் பாடிய அரண்மனையின் நாட்டில், சாமியின் பெயரைத் தனக்கு வைத்துக்கொண்ட பனையேறிச் சாதிக்காரர் சிறையில் கிடந்தார்.

அதே காலத்தில் இன்னொரு நூல் உருவானது. வைகுண்டரின் சீடர் அரிகோபாலன் எழுதிய அகிலத்திரட்டு அம்மானை. 1841இல் எழுதப்பட்டதாகக் கொள்கிறார்கள், அச்சேறியது 1939இல். அம்மானை என்பது உழைக்கும் மக்கள் ஒருவர் வாசிக்கப் பலர் சுற்றியிருந்து கேட்ட வடிவம். இந்த நூலைச் 'சமஸ்கிருதம் கலக்காத மக்கள் தமிழ்' என்று புகழ்ந்தால் அது பொய். நாராயணர், வைகுண்டம், யுகம், கலி, தர்மம் என்று சமஸ்கிருதச் சொற்கள் அதில் நிறைந்து கிடக்கின்றன. அந்தச் சொற்களை அது என்ன செய்தது என்று பார்க்க வேண்டும்.

'நீசன்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தாழ்ந்தவன், இழிந்தவன் என்று பொருள்படும் சமஸ்கிருதச் சொல். அகிலத்திரட்டு அதைத் திருவிதாங்கூர் மன்னர் பக்கம் திருப்பிவிடுகிறது. அங்கே கலிநீசன் என்றால் அரியணையில் இருப்பவன். அதேபோலத் தன் மக்களைச் 'சான்றோர்' என்ற பழந்தமிழ்ச் சொல்லால் அழைக்கிறது. கீழே தள்ளும் சொல்லை மேலே எறிந்தார்கள்; மேலே இருந்த சொல்லைத் தங்களுக்கு எடுத்துக்கொண்டார்கள். முதலாவது சமஸ்கிருதம், இரண்டாவது தமிழ். அவர்களுக்கு இரண்டுமே கருவிகள்.

ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன்னால் நம் மாவட்டத்திலிருந்து மூன்று சாமிகள் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பத்மநாபபுரத்திலிருந்து சரசுவதி, வேளிமலையிலிருந்து குமாரசாமி, சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கை. 'முன்னுதித்த நங்கை' எவ்வளவு அழகான தமிழ்ப் பெயர்! மூவரும் போய்ச் சேரும் இடத்தில், நவராத்திரி மண்டபத்தில், சுவாதித் திருநாளின் சமஸ்கிருதக் கீர்த்தனைகள் பாடப்படும். அந்த மண்டபத்தில் முதன்முதலில் ஒரு பெண், பாறசாலை பொன்னம்மாள், மேடையேறிப் பாடியது 2006இல். அதுவரை சரசுவதியும் நங்கையும் உள்ளே இருந்தார்கள். பாடுகிற பெண் வெளியே இருந்தார்.

தமிழ் மட்டும் கதவைத் திறந்ததா?

சமஸ்கிருதம் போய்த் தமிழ் வந்தால் எல்லாம் சரியாகும் என்று நினைக்கும் நண்பர்களுக்கு இந்த மாவட்டமே பதில் சொல்கிறது. திருவட்டாறும் திருவண்பரிசாரம் என்ற திருப்பதிசாரமும் நம்மாழ்வார் பாடிய ஊர்கள். அவருடைய தாய் பிறந்த ஊர் திருப்பதிசாரம் என்பது வைணவ மரபு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்குள்ள சாமிகளுக்குத் தமிழ் தெரியும். நாகர்கோவில் வடிவீசுவரத்தில் 1839இல் பிறந்த நீலகண்ட சிவன் தமிழிலேயே ஏராளமான கீர்த்தனைகள் செய்தார். கர்நாடக இசை மேடைகளில் இன்றும் அவை பாடப்படுகின்றன. நம்மாழ்வாரின் தமிழுக்கும் நீலகண்ட சிவனின் தமிழுக்கும் திறந்த கதவு, அந்தத் தமிழையே பேசிய பறையருக்கும் புலையருக்கும் திறக்கவில்லை.

சுசீந்திரத்தைப் பாருங்கள். சாமியின் பெயர் தாணுமாலயன். தாணு என்பது ஸ்தாணு என்ற சமஸ்கிருதச் சொல்லின் தமிழ் வடிவம், சிவனைக் குறிப்பது. மால் தமிழ்ச் சொல், திருமால். அயன் என்பது பிரம்மன். மூன்று சாமிகளும் இரண்டு மொழிகளும் சண்டையில்லாமல் ஒரு பெயருக்குள் குடியிருக்கின்றன. தாணுப்பிள்ளை, தாணுலிங்கம் என்று அந்தப் பெயர் மனிதர்களிடமும் பரவியது. ஆனால் அந்தக் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒடுக்கப்பட்ட மக்கள் நடக்க முடியவில்லை. தட்டினால் சுரம் எழும் தூண்களைக் கல்லில் செய்துவைத்த கோயில் அது. கல்லுக்குக் கிடைத்த இடம் அந்த மக்களுக்குக் கிடைக்கவில்லை. வைக்கம் போராட்டத்துக்குப் பிறகு, 1926இல் மருத்துவர் எம். இ. நாயுடு போன்றோர் முன்னின்று சுசீந்திரத்தில் சத்தியாகிரகம் நடத்தினார்கள். 1930இல் மறுபடியும் நடந்தது. 1936 நவம்பர் 12 கோயில் நுழைவு அறிவிப்புக்குப் பிறகுதான் வாசல் சட்டப்படி திறந்தது. தெருவுக்காகப் போராடியவர்கள் அங்கே கேட்டது தமிழ் அர்ச்சனை அல்ல, நடக்க வழி.

1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் உருவானது. தெலுங்கும் சமஸ்கிருதமும் ஆண்ட மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் கேட்ட அந்த இயக்கம் நியாயமானது. ஆனால் எந்த மொழியில் பாடுவது என்று கேட்ட அளவுக்கு, மேடையில் யார் உட்காருவது என்ற கேள்வி எழவில்லை.

தோல் யாருடையது, பெயர் யாருடையது?

இசையில் பெயரின் அரசியல் இன்னும் நுட்பமாக வேலை செய்கிறது. மிருதங்கம் என்பது சமஸ்கிருதப் பெயர். 'மிருத்' என்றால் மண், 'அங்கம்' என்றால் உடல். மண் உடல் என்று பொருள். இன்று அதன் உடல் பலா மரம். நாதம் பிறப்பதோ தோலில். மாட்டுத் தோல், எருமைத் தோல், ஆட்டுத் தோல். பெயரில் அந்தத் தோலுக்கு இடமில்லை.

தோலை உரித்துப் பதப்படுத்தி, வாரிழுத்துக் கட்டி, சுருதி சேர்த்துக் கொடுத்தவர்களுக்கும் இடமில்லை. டி. எம். கிருஷ்ணா 2020இல் வெளியிட்ட 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' இந்தக் கைவினைஞர்களின் வரலாற்றைச் சொல்கிறது. அவர்களில் பெரும்பாலோர் தலித் கிறித்தவர்கள். தோல் என்ற பேச்சு எழுந்தவுடனே அந்த நூலின் வெளியீட்டுக்குக் கலாக்ஷேத்ரா கொடுத்திருந்த அனுமதி திரும்பப் பெறப்பட்டது.

இது புதிய கதையும் இல்லை. பெரியபுராணம் சொல்லும் திருநாளைப்போவார், நாம் நந்தன் என்று அழைப்பவர், கோயில் பேரிகைகளுக்குப் போர்வைத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் கொடுத்தவர். கோயிலுக்குள் ஒலித்த இசைக்கு மூலப்பொருள் சேரியிலிருந்து போனது. கொடுத்தவர் உள்ளே போக நெருப்பில் இறங்க வேண்டியிருந்தது. பறை என்ற தோல் கருவியின் பெயர் மட்டும் ஒரு சாதியின் பெயராகி, தீட்டாகி, வசைச்சொல்லாகவும் ஆனது. மிருதங்கமும் தோல்தான், பறையும் தோல்தான். ஒன்றின் பெயர் தோலை மறைத்தது. மற்றொன்றின் பெயர் அடித்தவரை முத்திரை குத்தியது.

மாடனும் இசக்கியும்

நம் தெய்வங்களின் பெயர்களுக்கு வருவோம். சுடலைமாடன், புலமாடன், இசக்கி, முத்தாரம்மன். இவர்களை வில்லும் குடமும் உடுக்கையும் வைத்து வில்லுப்பாட்டில் பாடுகிறோம். இசக்கி என்ற பெயர் 'யக்ஷி'யிலிருந்து வந்தது. தமிழில் இயக்கி என்று வழங்கியது. நம் மாவட்டத்துச் சிதறால் மலையில் சமணர்கள் இயக்கியை வழிபட்டிருக்கிறார்கள். அந்த இடம் பிறகு பகவதி கோயிலானது. யக்ஷி, இயக்கி, இசக்கி என்று அந்தச் சொல் நம் வாய்க்கு ஏற்ப வளைந்து, நம் சாமியாகி, நம் வயல் வரப்பில் வந்து உட்கார்ந்தது. சமஸ்கிருதச் சொல் என்பதற்காக இசக்கியை எந்தப் பாட்டியும் விலக்கவில்லை.

கவலைப்பட வேண்டியது வேறு ஒரு மாற்றத்தைப் பற்றி. கொடை நடந்த இடத்தில் கும்பாபிஷேகம் வருகிறது. பலி நிற்கிறது. ஆராசனை வந்து ஆடிய நம் ஆள் ஒதுங்கிக்கொள்ள, வெளியிலிருந்து அர்ச்சகர் வருகிறார். வில்லுப்பாட்டு ஒரு இரவாகச் சுருங்குகிறது. அழைப்பிதழில் பெயர் நீளமாகிறது. 'ஸ்ரீ' ஒட்டிக்கொள்வது இதில் கடைசிப் படி. அதற்கு முன்னாலேயே கோயிலின் நிர்வாகமும் சடங்கும் கதையும் கைமாறிவிடுகின்றன.

கதை கைமாறுவதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு முத்துப்பட்டன் கதை. பிராமணரான முத்துப்பட்டன் சக்கிலியர் வீட்டுப் பெண்களான பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணந்து, அவர்கள் வாழ்க்கைக்கே வந்து, மாடு காக்கப் போய் உயிர்விட்ட கதை. பாபநாசம் சொரிமுத்தையனார் கோயிலில் இன்றும் அவர்களுக்கு வழிபாடு உண்டு. அந்தக் கதையைப் பதிப்பித்த நா. வானமாமலை, பின்னால் வந்த வடிவங்களில் பெண்கள் இருவரும் பிறப்பால் பிராமணக் குழந்தைகள், சக்கிலியர் எடுத்து வளர்த்தார்கள் என்று மாற்றப்பட்டதைச் சுட்டிக்காட்டினார். பொம்மக்கா என்ற பெயர் அப்படியே இருக்கிறது. பிறப்பு மட்டும் திருத்தப்பட்டுவிட்டது. ஒரு சமஸ்கிருதச் சொல்கூடச் சேர்க்காமல் ஒரு கதையைப் பார்ப்பனியமாக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

நமக்கு நாம் வைத்த பெயர்கள்

இப்போது 'தலித்' என்ற சொல்லுக்கு வருவோம். 'ஹரிஜன்' சமஸ்கிருதம். ஹரியின் மக்கள் என்று பொருள். குஜராத்தின் பக்தி மரபிலிருந்து எடுத்து காந்தி பரப்பினார். 1933இல் அந்தப் பெயரில் இதழும் தொடங்கினார். 1938இல் பம்பாய் சட்டமன்றத்தில் அந்தச் சொல்லைச் சட்டத்தில் சேர்க்க முயன்றபோது அம்பேத்கர் எதிர்த்து வெளிநடப்புச் செய்தார். 'தலித்' என்பதும் சமஸ்கிருத வேர் உடையதுதான். உடைக்கப்பட்டவர், பிளக்கப்பட்டவர் என்று பொருள். மராத்தி வழியாக வளர்ந்து, 1972இல் பம்பாயில் தலித் பாந்தர்கள் வழியாக நாடெங்கும் பரவியது. இரண்டும் ஒரே மொழிக் குடும்பம். முதல் பெயர் நமக்கு வைக்கப்பட்டது. நம்மைச் சாமியின் பிள்ளைகள் என்று சொல்லி, நம்மை உடைத்தது யார் என்ற கேள்வியை மறைத்தது. இரண்டாவது பெயரை நாம் வைத்துக்கொண்டோம். அது அந்தக் கேள்வியை முன்னால் நிறுத்துகிறது.

நம் முன்னோர் இதை நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்கள். 1893இல் வில்வண்டியில் ஏறித் தடை செய்யப்பட்ட பாதையில் போன வெங்ஙானூர் அய்யன்காளி, 1907இல் தொடங்கிய அமைப்பின் பெயர் 'சாது ஜன பரிபாலன சங்கம்'. முழுக்க வடமொழி. காத்தவராயன் என்ற பெயரோடு பிறந்தவர் தன் ஆசிரியரின் பெயரை ஏற்று அயோத்திதாசரானார். நம் மயிலாடியில் சாம்பவர் குடும்பத்தில் பிறந்தவர் மகாராசன். தஞ்சாவூரில் கிறித்தவம் ஏற்று வேதமாணிக்கம் என்று பெயர் பெற்றார். 1806இல் ரிங்கல்தௌபே பாதிரியாரை ஊருக்கு வரவழைத்தவர் அவர்தான். 1809இல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது, பக்கத்துச் சாமித்தோப்பில் முடிசூடும் பெருமாள் பிறந்த அதே ஆண்டு. வேதத்தைக் காதால் கேட்கவும் தகுதியில்லாதவர் என்று சொல்லப்பட்டவர் 'வேத'த்தையே பெயரில் வைத்துக்கொண்டு நடமாடினார். கடல் கடந்த அமெரிக்காவில் மால்கம், முன்னோரின் எசமானர் விட்டுப்போன 'லிட்டில்' என்ற குடும்பப் பெயரைக் கழற்றிவிட்டு 'எக்ஸ்' என்று போட்டுக்கொண்டதும் இதே வகை வேலைதான்.

இனி என்ன செய்யலாம்?

2017இல் திருவிதாங்கூர் தேவசம் கோயில்களுக்கு 36 பிராமணரல்லாதோரை அர்ச்சகர்களாகப் பரிந்துரைத்தார்கள். அவர்களில் 6 பேர் தலித்துகள். அவர்கள் சொல்வது சமஸ்கிருத மந்திரம். 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் அனைத்துச் சாதி அர்ச்சகர்கள் நியமிக்கப்பட்டார்கள். 'அன்னைத் தமிழில் அர்ச்சனை'யும் அதே மாதம் தொடங்கியது. இரண்டு முயற்சிகளையும் ஒரே அளவுகோலால் அளக்க வேண்டும்: கருவறைக்குள் நிற்பது யார், அவர் நிலைத்து வேலை செய்ய முடிகிறதா? அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகு மொழியைப் பேசலாம். இரண்டையும் சேர்த்தே கேட்டால் இன்னும் நல்லது. தமிழில் அர்ச்சனை, நம் பிள்ளை அர்ச்சகர்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறோம். உங்கள் ஊரில் 70 வயது தாண்டியவர்களிடம் போய் உட்காருங்கள். அவர்களுடைய பாட்டன், பாட்டிக்கு என்ன பெயர், அந்தப் பெயரை யார் வைத்தார்கள், பண்ணையார் அவர்களை எப்படிக் கூப்பிட்டார், அவர்கள் எப்படிப் பதில் சொன்னார்கள் என்று எழுதி வையுங்கள். கொடையில் பாடப்படும் கதையை முழுசாகப் பதிவு செய்யுங்கள். பழைய வடிவமும் புதிய வடிவமும் இருந்தால் இரண்டையும் பதியுங்கள். ஊரில் பறை கட்டுகிறவர், மிருதங்கத்துக்கு வாரிழுக்கிறவர் இருந்தால் அவர் தன் கருவியின் ஒவ்வொரு பகுதியையும் என்ன சொல் சொல்லி அழைக்கிறார் என்று கேளுங்கள். அந்தச் சொற்களில் பல எந்த அகராதியிலும் இருக்காது.

அடுத்த கொடைக்கு அழைப்பிதழ் அச்சடிக்கும்போது 'ஸ்ரீ' போடுவதா வேண்டாமா என்று கமிட்டியில் விவாதம் வரும். பேசுங்கள். பேசும்போதே கோயில் பட்டா யார் பெயரில் இருக்கிறது, கணக்கு யார் கையில் இருக்கிறது, பீடத்தருகே யார் நிற்கலாம், அங்கே பெண்களுக்கு என்ன இடம் என்பதையும் அதே கூட்டத்தில் கேட்டுவிடுங்கள்.